கஷ்டப்பட்டு வளர்ந்த உடம்பு வைரம் பாய்ந்ததா?

ஜனவரி 9 – ஒரு வாசகரின் கேள்வி

சிறு வயதில் அடியும் பசியுமாக வளர்ந்தவர்களுக்கு ஐம்பதைத் தாண்டியதும் இதய நோயும் சர்க்கரை நோயும் அதிகம் வருகின்றன என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என்னால் இதை ஏற்க முடியவில்லை. என் தந்தை எட்டு வயதில் வேலைக்குப் போனவர். 71 வயதாகிறது, இன்றும் ஒரு மாத்திரைகூட எடுத்துக்கொள்வதில்லை. கஷ்டப்பட்டு வளர்ந்த உடம்பு வைரம் பாய்ந்த கட்டை என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். இதில் எது உண்மை? வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 11, காலை

வாழ்ந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். எனக்கு 52 வயது. 44ஆம் வயதில் முதுகுவலிக்காக மருத்துவரிடம் போனபோது இரத்த அழுத்தம் 168/104 என்று காட்டியது. நான் புகைத்ததில்லை, குடித்ததில்லை, எடையும் அளவோடு இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று மருத்துவர் கேட்டார். நான் வளர்ந்த வீடு எப்படிப்பட்டது என்று அவர் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் அன்று தெரியாது.

அப்பா குடிப்பவர். தாழ்ப்பாள் விழும் ஓசையை வைத்தே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரிந்துவிடும். எனக்குப் பதின்மூன்று வயதானபோது அவர் வீட்டைவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை.

நீங்கள் படித்த கட்டுரை அநேகமாக 1998இல் வெளிவந்த ஆய்வைப் பற்றியதாக இருக்கும். அமெரிக்காவின் சான் டியகோவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில் உடல் பரிசோதனைக்கு வந்த 9,508 பேரிடம் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்களின் குழு, பதினெட்டு வயதுக்கு முன் நேர்ந்த ஏழு வகைத் துன்பங்களைப் பற்றிக் கேட்டது. வசைச்சொல், அடி, பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் போதைக்கு அடிமையானவர், மனநோயாளி அல்லது தற்கொலைக்கு முயன்றவர், சிறை சென்றவர் இருப்பது என்பவை அந்த ஏழு. உடல் தேவைகளிலும் மனத் தேவைகளிலும் புறக்கணிப்பு என இரண்டும், பெற்றோர் பிரிவும் பின்னர் சேர்க்கப்பட்டுப் பட்டியல் பத்தாயிற்று. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒன்றையேனும் குறித்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் குறித்தவர்களிடம் இதய நோய், ஒன்றும் குறிக்காதவர்களிடம் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது. குடிக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றில் இந்த ஏற்றம் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை சென்றது.

அந்தப் பட்டியலில் எனக்கு ஐந்து வருகிறது. ஆகவே என் பதில் இதுதான்: வைரம் பாய்வதில்லை, தேய்கிறது. பட்ட ஒவ்வொரு துன்பமும் பின்னாளில் உடம்பில் கணக்கு வைக்கப்படுகிறது.

ஜனவரி 11, இரவு

காலையில் எழுதிய கடைசி வரியை அளவுக்கு மீறிய உறுதியோடு எழுதிவிட்டேன். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் சாய்வை ஒரு மனிதனின் தலையெழுத்தைப்போலச் சொல்லக் கூடாது. இரண்டு மடங்கு ஆபத்து என்றால் இரண்டு மடங்கு பேருக்கு நோய் வந்தது என்று பொருள். எல்லோருக்கும் வந்தது என்று பொருளில்லை. வரியை அழிக்காமல் விடுகிறேன். பலரும் இந்த ஆய்வை இப்படித்தான் படிக்கிறார்கள், எட்டு ஆண்டுகளாக நானும் அப்படித்தான் படித்துவந்தேன்.

ஜனவரி 14

மனத்தில் பட்டது உடம்பில் எப்படி இறங்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அபாயம் என்று மூளை கருதியவுடன் இரண்டு வழிகளில் செய்தி போகிறது. நரம்பு வழியாகப் போவது நொடியில் போய்ச்சேரும்: இதயம் வேகமெடுக்கும், இரத்தக் குழாய்கள் இறுகும். மற்றொன்று மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி என்ற சுரப்பிக்கும், அங்கிருந்து சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கும் போகும் சுற்று. அதன் முடிவில் கார்டிசால் என்ற இயக்குநீர் சுரந்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி வைக்கும். ஓடித் தப்புவதற்கு இந்த ஏற்பாடு மிக நல்லது. அபாயம் நீங்கியதும் கார்டிசாலே மூளைக்குப் போய் இனிப் போதும் என்று நிறுத்தவும் வேண்டும். அபாயம் தாழ்ப்பாளுக்கு உட்புறமே குடியிருக்கும் வீட்டில் நிறுத்தும் செய்தி அரிதாகத்தான் வருகிறது.

புரூஸ் மெக்யூவன் என்ற நரம்பியல் அறிஞர் எலியட் ஸ்டெல்லரோடு சேர்ந்து 1993இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். சூழலுக்கு ஈடுகொடுக்க உடல் தன்னைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொள்கிறது, அப்படி மாற்றிக்கொள்வதற்கே ஒரு தேய்மானம் உண்டு, அது ஆண்டுக்கணக்கில் சேர்கிறது என்பது அதன் சாரம். இன்னொன்று, கார்டிசால் எப்போதும் அதிகமாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். நீண்டகாலம் துன்பத்தில் இருந்த சிலருக்கு அந்தச் சுற்றே மழுங்கிப்போய், உயர வேண்டிய நேரத்தில்கூட உயராமல் இருக்கிறது. இரண்டுமே கேடுதான்.

இதை எழுதும்போது என் உடம்பைப் பற்றி ஒன்று நினைவுக்கு வருகிறது. இன்றும் இரவில் கதவு ஓசை கேட்டால், வருவது என் மகன்தான் என்று தெரிந்திருந்தும், நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்ட பிறகே அடங்குகிறது. தெரிந்துகொள்வது ஒரு வேகத்திலும் நெஞ்சு வேறொரு வேகத்திலும் நடக்கின்றன.

ஜனவரி 15

பற்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முப்பத்து நான்கு வயதுக்குள் எனக்கு மூன்று கடைவாய்ப்பற்கள் போய்விட்டன. வலி வந்த இரவுகளில் கன்னத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு தூங்கப் பழகியிருந்தேன். வீட்டில் அதைச் சொன்னால் இன்னொரு சண்டைக்கு அது காரணமாகிவிடும் என்ற அச்சம்.

நியூசிலாந்தின் டனீடனில் 1972–73இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அவர்களுக்கு 26 வயதானபோது செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. வறிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதயமும் இரத்தக் குழாய்களும் சார்ந்த நலம் குறைவாகவும், சொத்தையும் ஈறு நோயும் அதிகமாகவும் இருந்தன. என்னை நிறுத்தி வைத்தது அதற்கு அடுத்த செய்தி. பின்னாளில் நல்ல வேலைக்குப் போய் மேலே வந்தவர்களிடமும் இந்த வேறுபாடு மறையவில்லை. மனச்சோர்வும் புகைப்பழக்கமும் மட்டும் வளர்ந்தபின் இருந்த நிலையோடு அதிகம் ஒட்டியிருந்தன.

நாம் வறுமையிலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று சொல்கிறோமே, அப்போது பற்கள் நம்மோடு சேர்ந்து வெளியே வரவில்லை.

ஜனவரி 19

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். துன்பப்பட்டவர்கள் ஆறுதலுக்காகப் புகைக்கிறார்கள், குடிக்கிறார்கள், கண்டபடி சாப்பிடுகிறார்கள். அதனால் நோய் வருகிறது. பழக்கத்தை விட்டுவிட்டு இளமைப் பருவத்தின்மேல் ஏன் பழிபோட வேண்டும் என்கிறார்.

பாதி உண்மை. ஃபெலிட்டிக்கு இந்த ஆய்வின் எண்ணம் பிறந்ததே 1980களில் அவர் நடத்திய எடைக்குறைப்புச் சிகிச்சையில்தான். எடை குறையாதவர்கள் சிகிச்சையை விட்டுப் போயிருந்தால் அவருக்கு வியப்பு ஏற்பட்டிருக்காது; நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். அவர்களை உட்கார வைத்துப் பேசியபோது, பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பதும், பருத்த உடல் சிலருக்குப் பிறர் பார்வையிலிருந்து ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது என்பதும் தெரியவந்தன. நோய் என்று மருத்துவர் கண்டது அவர்களுக்கு ஒரு தீர்வாக இருந்திருக்கிறது. பழக்கத்தை விடு என்று சொல்பவர்கள், அந்தப் பழக்கம் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று ஒருமுறையேனும் கேட்க வேண்டும்.

மறுபாதி: பழக்கங்களைக் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு குறைகிறதே தவிர அழிவதில்லை. அதே டனீடன் குழுவில், பத்து வயதுக்குமுன் கொடுமைக்கு ஆளானவர்களின் இரத்தத்தில் 32ஆம் வயதில் சி-ரியாக்டிவ் புரதம் என்ற அழற்சிக் குறி கூடுதலாக இருந்தது. 2007இல் வெளியான அந்த ஆய்வு, வளர்ந்தபின் உள்ள மன அழுத்தத்தையும் பழக்கங்களையும் சேர்த்துப் பார்த்தும் இந்த வேறுபாடு நிற்கிறது என்று கண்டது. காயமோ கிருமியோ இல்லாதபோதும் உடலில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது என்பது இன்று மருத்துவம் ஏற்றுக்கொண்ட செய்தி.

புகைக்காத, குடிக்காத எனக்கு இந்த மறுபாதி முக்கியம். ஆனால் அதுவே என் இரத்த அழுத்தத்துக்குக் காரணம் என்று எந்தச் சோதனையும் நிறுவ முடியாது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜனவரி 26

நேற்று அக்காவோடு இரண்டு மணி நேரம் பேசினேன். இங்கே எழுதியவற்றை அவளுக்கு வாசித்துக் காட்டலாம் என்றுதான் போனேன். அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள்.

அப்பா அம்மாவை வாரம் தவறாமல் அடித்தார் என்று என் நினைவில் இருக்கிறது. அக்கா இல்லை என்கிறாள். கத்துவார், பாத்திரங்களை எறிவார், ஆனால் கை வைத்தது இரண்டே முறைதான், இரண்டையும் நாள் முதற்கொண்டு சொல்ல முடியும் என்றாள். நான் கேட்ட ஓசைகளை என் மனம் அடிகளாக மாற்றி வைத்துக்கொண்டதா, அல்லது அவள்தான் குறைத்து வைத்துக்கொண்டாளா என்று இருவராலும் முடிவுசெய்ய முடியவில்லை. அவள் தொடர்ந்து, "உன்னை ஒரு ராத்திரி வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டிட்டார், நான் ஜன்னல் வழியா உன் கையைப் பிடிச்சிட்டே உட்கார்ந்திருந்தேன், அது உனக்கு ஞாபகம் இல்லையா?" என்று கேட்டாள். எனக்கு இல்லை. ஒரு துளிகூட இல்லை.

என் பட்டியலில் இப்போது எத்தனை? ஒன்றைக் கழிக்க வேண்டுமா, ஒன்றைக் கூட்ட வேண்டுமா?

ஜனவரி 27

நேற்று எழுதியது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. குழந்தைப் பருவத்திலேயே பதிவு செய்யப்பட்ட துன்பத்தையும், வளர்ந்தபின் அதே மனிதர்கள் நினைவிலிருந்து சொன்னதையும் ஒப்பிட்ட 16 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. 25,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றியது. துன்பம் நேர்ந்ததாக அக்காலப் பதிவில் இருந்தவர்களில் 52 விழுக்காட்டினர் பின்னாளில் அதைக் குறிப்பிடவில்லை. துன்பம் நேர்ந்ததாகப் பின்னாளில் சொன்னவர்களில் 56 விழுக்காட்டினரைப் பற்றி அக்காலப் பதிவு எதுவும் இல்லை. ஒரே கேள்விக்கு, ஏறத்தாழ வேறு வேறு மனிதர்கள் கை தூக்கியிருக்கிறார்கள்.

சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதைப் படித்துவிடக் கூடாது. வீட்டுக்குள் நடப்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போவதுதான் வழக்கம். நடந்ததும், நடந்ததாக மனம் சுமப்பதும் உடல் நலத்தைத் தனித்தனி வழிகளில் தொடக்கூடும் என்பதே எனக்குப் புரிந்தது.

இதன் தொடர்ச்சியாக ஜனவரி 11 குறிப்பில் இன்னொரு திருத்தம். எனக்கு ஐந்து வருகிறது என்று மதிப்பெண்போல எழுதினேன். அந்த ஆய்வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டாவே, மக்கள் தொகையைப் புரிந்துகொள்ள உருவான இந்த எண்ணைத் தனி மனிதரின் ஆபத்தைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று சக ஆய்வாளர்களோடு 2020இல் எழுதியிருக்கிறார். காரணம் எளிது. ஒருமுறை நடந்ததும் பத்தாண்டு நடந்ததும் அதில் ஒன்றுதான். மூன்று வயதில் நடந்ததும் பதினாறில் நடந்ததும் ஒன்றுதான். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தாரா என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை. வறுமை, போர், தெருவில் வன்முறை, பள்ளியில் சக மாணவர்களின் கொடுமை ஆகியவையும் அந்தப் பத்தில் இல்லை. முதலில் கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தினர் என்பதையும் மறக்கக் கூடாது.

ஐந்து என்ற எண்ணை நான் கைவிடுகிறேன்.

பிப்ரவரி 2

துன்பம் மரபணுவையே மாற்றிவிடும் என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. எதை எவ்வளவு படிக்க வேண்டும் என்று அதன்மேல் ஒட்டும் வேதிக்குறிகளே மாறக்கூடியவை.

இதற்குப் பலரும் காட்டும் சான்று நெதர்லாந்தின் 1944–45 பஞ்சக் குளிர்காலம். ஜெர்மானியப் படையின் தடையால் உணவு வரத்து நின்றுபோய், நகரங்களில் ஒருவருக்கான ஒரு நாள் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே, சில காலம் ஐந்நூறை ஒட்டியும் விழுந்தது. அப்போது கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கருவுற்ற தொடக்க மாதங்களில் பசியைச் சந்தித்தவர்களிடம் இதய நோய் அதிகமாகத் தெரிந்தது. வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின்மேல் இருக்கும் மெத்தில் என்ற வகை வேதிக்குறிகள் இவர்களிடம், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், பஞ்சத்தைச் சந்திக்காத உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தன என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது.

இதற்கு முன்பே டேவிட் பார்க்கர் என்ற பிரிட்டானிய மருத்துவர் வேறு வழியில் அங்கே வந்து சேர்ந்திருந்தார். ஹெர்ட்ஃபர்ட்ஷயர் பகுதியில் 1911 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் செவிலியர் எழுதிவைத்த பேரேடுகள் கிடைத்தன. அவற்றிலிருந்த ஆண்களைத் தேடிப் பார்த்து, எடை குறைந்த குழந்தைகளாக இருந்தவர்களிடையே இதய நோயால் ஏற்பட்ட இறப்பு அதிகம் என்று 1989இல் அவருடைய குழு வெளியிட்டது. எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு யாருக்குப் பயன்படும் என்று தெரியாமலே ஒவ்வொரு குழந்தையையும் தராசில் வைத்து எழுதிய அந்தச் செவிலியரை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

கருவில் பட்ட பசியும் வீட்டில் பட்ட அச்சமும் ஒன்றல்ல. உடல் பழையதை நீண்ட காலம் வைத்திருக்கிறது என்பதற்கு மேல் இவற்றை இழுக்க நான் விரும்பவில்லை.

பிப்ரவரி 3

சளி பிடிப்பதில்கூட இது தெரிகிறதாம். 334 நலமான பெரியவர்களின் மூக்கில் சளிக் கிருமியைத் துளியாக விட்டுத் தனியே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2004இல் வந்தது. சிறு வயதில் பெற்றோருக்குச் சொந்த வீடு இருந்த ஆண்டுகள் குறையக் குறைய, நோய் பற்றும் வாய்ப்பு கூடியது. நாற்பது வயது மனிதரின் மூக்கு, அவர் ஐந்து வயதில் இருந்த வீட்டை அறிந்திருக்கிறது.

பிப்ரவரி 9

அக்காவைப் பற்றி எழுத அவளிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

எங்கள் இருவரில் முன்னேறியவள் அவள்தான். அப்பா போனபின் பதினேழு வயதில் மாலை வேலைக்குப் போய்க்கொண்டே படித்தாள், என்னையும் படிக்க வைத்தாள். வேலையில் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. துன்பத்தை வென்றவள் என்று உறவினர் எல்லோரும் அவளையே எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அவளும் எந்த மருத்துவரிடமும் போனதில்லை, அதையும் பெருமையாகவே சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புறங்களில் வளர்ந்த கறுப்பின இளைஞர்களை ஜீன் பிராடி, கிரெகரி மில்லர் ஆகியோர் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். வறிய வீட்டில் பிறந்தும் மனத்தை அடக்கி, இலக்கை விடாமல் உழைத்தவர்களிடம் படிப்பும் நன்றாக இருந்தது, மனச்சோர்வும் குறைவாக இருந்தது. அவர்களுடைய உயிரணுக்களின் மெத்தில் குறிகளை வைத்து வயதைக் கணித்தபோதோ, அவை வயதுக்கு மீறி மூத்திருந்தன. வசதியான வீடுகளிலிருந்து வந்து அதே அளவு மன அடக்கம் கொண்டவர்களிடம் இந்த மூப்பு தெரியவில்லை. 2015இல் வெளியான இந்த ஆய்வைச் செய்தவர்கள், இத்தகைய மீட்சி தோலளவில் நின்றுவிடுகிறது என்கிறார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏறுவதற்கு ஏணி இல்லாதவர்கள் சுவரைப் பிடித்து ஏறினார்கள். நாங்கள் கீழே நின்று கைதட்டினோம். அவள் கைகளை யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 10

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, அப்படியானால் பிள்ளைகள் முயலவே கூடாதா என்று ஒருவர் வருந்தி எழுதியிருக்கிறார். நான் சொல்ல வந்தது அது இல்லை. முயலும் பிள்ளைக்குத் துணை வேண்டும், தேர்ச்சி அறிக்கையைப் பார்க்கும் கண் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றே சொல்ல வந்தேன்.

பிப்ரவரி 16

துணை என்று எழுதியதைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும். இந்த இழையில் இதுவரை கெட்ட செய்திகளையே அடுக்கியிருக்கிறேன்.

ருமேனியாவின் புக்கரெஸ்டில், காப்பகங்களில் விடப்பட்டிருந்த 136 சிறு குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2000ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கியது. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூவரும் அதை நடத்தினார்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் அது மிகுதியாகத் தெரிந்தது. பன்னிரண்டு வயதை ஒட்டிச் சோதித்தபோது, காப்பகத்தில் தங்கிவிட்டவர்களின் அழுத்த எதிர்வினை மழுங்கியிருந்தது. ஜனவரி 14 அன்று நான் எழுதிய அந்தச் சுற்றுதான். சிறு வயதிலேயே குடும்பத்துக்குப் போனவர்களிடம் அது மற்றப் பிள்ளைகளுடையதை ஒத்திருந்தது. உடல் கணக்கு வைப்பது மட்டுமில்லை, காலத்தில் கை கிடைத்தால் திருத்தியும் எழுதுகிறது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயியில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். பல வகை இடர்கள் ஒன்றுசேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அன்பும் திறனும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் அடிக்கடி தென்பட்டது, பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டியோ உடன்பிறந்தவரோ ஆசிரியரோ, நிலையாக நின்ற ஒரு மனிதர்.

எனக்கு ஜன்னலில் அக்கா இருந்தாள். அவளுக்கு யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்; ஒருவர் பெயரும் எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 18

அன்பு மட்டும் போதுமா, பணமும் ஏற்பாடும் வேண்டாமா என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள சிறந்த பதில், அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972இல் தொடங்கிய அபெசெடேரியன் திட்டம். வறிய குடும்பங்களில் பிறந்த 111 குழந்தைகளில் சிலருக்கு, குலுக்கல் முறையில் தேர்ந்து, கைக்குழந்தைப் பருவத்திலிருந்து ஐந்து வயது வரை நாள் முழுதும் பராமரிப்பும் கற்பித்தலும் உணவும் மருத்துவக் கவனிப்பும் தந்தார்கள். முப்பதுகளின் நடுவில் அவர்களைத் திரும்ப அழைத்துச் சோதித்த முடிவு 2014இல் வந்தது. திட்டத்தில் சேராத ஆண்களின் இரத்த அழுத்தத்தில் மேல் எண்ணின் சராசரி 143, சேர்ந்தவர்களிடம் 126. எண்ணிக்கை சிறியது, ஆண்களிடம் தெரிந்த அளவுக்குப் பெண்களிடம் தெரியவில்லை. ஆனாலும் எட்டு ஆண்டுகளாக மாத்திரை போட்டு நான் இறக்கப் பாடுபடும் அதே எண்ணை, ஐந்து வயதுக்குமுன் கிடைத்த கவனிப்பு முப்பது ஆண்டுகள் கடந்தும் இறக்கி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் பலமுறை படித்தேன்.

பிப்ரவரி 24

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் தந்தையைப் பற்றி நேராகப் பதில் சொல்லாமலே ஒன்றரை மாதம் போய்விட்டது.

அவர் 71 வயதில் நலமாக இருப்பது உண்மை, மகிழ்ச்சிக்குரியது. இவ்வளவு நேரம் எழுதிய எதற்கும் அது முரண் இல்லை. இரண்டு மடங்கு ஆபத்து உள்ள குழுவிலும் நோய் வராதவர்கள் இருப்பார்கள். ஆனால் எட்டு வயதில் அவரோடு வேலைக்குப் போன மற்றச் சிறுவர்கள் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். வைரம் பாய்ந்த கட்டை என்று நாம் சுட்டிக்காட்டுவது எஞ்சியவர்களையே. விழுந்தவர்கள் சுட்டிக்காட்டுவதற்கு நிற்பதில்லை. மாத்திரை எடுத்துக்கொள்ளாததும் நோய் இல்லாததும் ஒன்றா என்பதையும் பாருங்கள். இரத்த அழுத்தம் வலிக்காது. 44 வயது வரை எனக்கும் மாத்திரை இல்லை. எண் மட்டும் 168 ஆக இருந்தது.

அவரோடு பேசும்போது, உங்கள் இளமை உங்களை நோயாளி ஆக்கிவிட்டது என்று தொடங்காதீர்கள். அவர் தம் வாழ்வைக் குறித்துப் பெருமைப்படுகிறார். அந்தப் பெருமை அவருக்கு உரியது. அன்று யார் துணையாக இருந்தார்கள் என்று கேளுங்கள். நான் என் அக்காவிடம் அப்படித்தான் தொடங்கினேன்.

மார்ச் 3

அக்கா பரிசோதனைக்கு வந்தாள். 56 வயதில் முதல்முறை. 156/96. மருத்துவர் ஒரே அளவீட்டை வைத்து முடிவு சொல்ல விரும்பவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். இந்த முறை நானும் உள்ளே போயிருந்தேன். வளர்ந்த வீட்டைப் பற்றி நானே சொன்னேன். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார், அக்காவிடம் தூக்கத்தைப் பற்றி விசாரித்தார். இரவில் மூன்று மணிக்கு மேல் தூங்கியதே இல்லை என்று அவள் சொன்னாள். ஐம்பது ஆண்டுகளாக அவளுடைய தம்பியாக இருக்கும் எனக்கு அது தெரியாது.

மார்ச் 5

காலையில் அவளே தொலைபேசியில் அழைத்தாள். 148/92 என்றாள். எண்ணைச் சொல்லிவிட்டு, "உனக்கு எவ்வளவுடா?" என்று கேட்டாள். அளந்து சொன்னேன், 134/84. இருவருடைய எண்ணையும் ஒரே நோட்டில் எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.